கடை வரிசைக்கு எலி சென்சர்: போடலாமா, வீண் செலவா?

கடைவரிசை12
மலேசியாவின் தெலுக் இந்தானில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய 12 கடைகள். மளிகை, கால்நடைத் தீவனம், மூன்று சாப்பாட்டுக் கடை, மீதி துணியும் மருந்தும். பின்னால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்), அதைத் தாண்டினால் செம்பனை. தோட்டத்தில் கிழ மரங்களைச் சாய்த்து மறுநடவு தொடங்கியதிலிருந்து எலி இந்தப் பக்கம் இறங்கிவிட்டது. கடைக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, பொறியில் சென்சர் வைக்கலாமா என்று பேச்சு. எலி விழுந்தால் கைப்பேசிக்குத் தகவல் வரும்.

வைக்கலாம் என்பது என் கட்சி. நம் ஊர் புழுக்கத்தில் செத்த எலி ஒரே நாளில் நாறும். சிலிங்குக்கு மேலே வைத்த பொறியை யாரும் தினம் ஏறிப் பார்ப்பதில்லை, வாடை வந்தபிறகுதான் ஏணி தேடுகிறார்கள். மாற்றுக் கருத்து இருந்தால் விவரத்தோடு சொல்லுங்கள்.

கூகைப்பெட்டி
எனக்குச் சம்மதம் இல்லை தம்பி. தோட்டத்தில் எலிக் கணக்கு எடுக்க பேட்டரி தேவைப்பட்டதே கிடையாது. மரத்துக்கு ஒரு மருந்துக் கட்டி. மூன்று நான்கு நாள் கழித்து அதே வரிசையில் நடந்து, கட்டி காணாமல் போன மரத்தடியில் மட்டும் புதுசு வைப்பார்கள். காணாமல் போகும் கட்டி நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடலாம். போன கட்டியின் எண்ணிக்கையே எலியின் கணக்கு.

கடையில் மருந்து வேண்டாம், கோதுமை மாவு போதும். சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிசாகத் தூவினால் விடிந்ததும் தடம் தெரியும். முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் அஞ்சு, நடுவில் வால் இழுத்த கோடு. கடைக்கு மூன்று இடம் வைத்தாலும் 36 இடம், ஒரு ஆள் அரை மணியில் பார்த்துவிடலாம்.

ரீட்சுவிட்ச்
அண்ணே, தரைக்கு மாவு சரி. சிலிங் பலகை மேலே எப்படித் தூவுவது? தூவினாலும் கரப்பானும் எறும்பும் இரண்டு நாளில் தின்றுவிடும். எலி இரவு எட்டு மணிக்கு வந்ததா, கடை அடைத்து அடங்கிய பிறகு இரண்டு மணிக்கு வந்ததா என்றும் மாவு சொல்லாது. எட்டு மணிக்கே வருகிறது என்றால் உள்ளேயே குடியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். இரண்டு மணிக்கு வருவது வெளியிலிருந்து வருவதாக இருக்கலாம். வேலை எங்கே தொடங்குவது என்பதே அதில் மாறிவிடும்.

செய்முறை சொல்கிறேன். மரப்பலகை ஸ்பிரிங் பொறியை எடுங்கள், இரும்புத் தட்டுப் பொறி வேண்டாம். இரும்பு காந்தப் புலத்தைத் தின்றுவிடும். அடிக்கும் கம்பியில் சின்னக் காந்தம் ஒட்டவேண்டும். காந்தம் கிட்டே வந்தால் மூடும் ரீட் சுவிட்ச் இரண்டு. முதலாவது, பொறி பூட்டியிருக்கும்போது காந்தம் நிற்கும் பக்கம். இரண்டாவது, கம்பி வந்து விழும் பக்கம். பலரும் இரண்டாவதை மட்டும் வைத்து ஏமாறுகிறார்கள். எலி மாட்டினால் கம்பி அதன் கழுத்து மேல் நிற்கும், பலகையைத் தொடாது. காந்தம் எட்டாததால் சுவிட்ச் மூடவே மூடாது. எலி விழுந்த அன்றுதான் தகவல் வராமல் போகும்!

இரண்டும் இருந்தால் கணக்கு சுலபம். முதலாவது திறந்து இரண்டாவது மூடினால் பொறி வெறுமனே அடித்திருக்கிறது. இரண்டுமே திறந்திருந்தால் கம்பிக்கு அடியில் ஏதோ இருக்கிறது. முதலாவதின் ஒயர் அறுந்தாலும் பொறி அடித்த மாதிரியே காட்டும், ஆக பழுது மறைந்து கிடக்காது. ரீட் சுவிட்ச் கண்ணாடிக்குள் மூடியிருப்பதால் ஈரத்துக்கு அசையாது. மைக்ரோ சுவிட்ச் நம் ஊர் ஈரத்தில் பச்சை பிடித்துவிடும்.

ஐந்தடிப்பாதை
இரண்டு பேருமே வாலைப் பிடிக்கிறீர்கள். தலை எங்கே என்றால் ஓட்டையில். 12 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் எலி நுழையும், 6 இருந்தால் சுண்டெலி. பழைய கடை வரிசையில் பல இடங்களில் நடுச்சுவர் கூரை வரை எழும்பாது. சிலிங்குக்கு மேலே முதல் கடையிலிருந்து பன்னிரண்டாம் கடை வரை ஒரே ரோடு. ஒரு கடைக்காரர் மட்டும் அடைத்து என்ன பயன்?

6 மில்லிமீட்டர் கண் உள்ள கல்வனைஸ் வலையை நடுச்சுவர் மேலே ஆணியடித்து, ஓரத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசவேண்டும். குழாய் போகும் ஓட்டையில் வலையைச் சுருட்டித் திணித்துச் சிமெண்ட். நுரை ஸ்பிரே மட்டும் அடித்தால் எலி கடித்துத் துப்பிவிடும். சாதாரண இரும்பு நார் துருப்பிடித்து உதிர்ந்துவிடும், துருப்பிடிக்காத நார் வாங்குங்கள். ஷட்டர் அடிப்பட்டைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சுண்டு விரல் போனால் அங்கே அலுமினியப் பட்டை. லோங்காங்கில் விழும் குழாய் வாய்க்குக் கம்பி மூடி. இத்தனையும் முடியாமல் சென்சர் வைத்தால், தினம் ராத்திரி எத்தனை எலி வந்தது என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ரீட்சுவிட்ச்
அக்கா சொன்ன ஒரே ரோட்டில் எந்தக் கடைக்கு மேலே நடமாட்டம் அதிகம் என்று தெரிந்தால் வலையை எங்கிருந்து அடிப்பது என்று தெரியும் இல்லையா? அதற்குத்தான் சென்சர்.

கூகைப்பெட்டி
நடமாட்டம் பார்க்க, உடம்புச் சூட்டின் அசைவைப் பிடிக்கும் அந்த மலிவான பி.ஐ.ஆர் சென்சரைத்தானே வைப்பீர்கள்? அது ஆள் நடமாட்டத்துக்குச் செய்தது. மழை பெய்து ஜிங் தகரக் கூரை சட்டென்று குளிர்ந்தால் தானாக அடிக்கும். பல்லி மேலே ஏறினால் அடிக்கும். பத்து தடவை பொய் சொன்ன சென்சரைப் பதினோராவது தடவை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

ரீட்சுவிட்ச்
அது நியாயம் அண்ணே, நம்பகம் போய்விட்டால் எல்லாம் போச்சு. ஆனால் பாதித் தப்பு வைக்கும் விதத்தில். ஏழு மீட்டர் என்று அட்டையில் போட்டிருப்பது மனித உடலுக்கு. எலிக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் நம்பலாம். எலி ஓடும் பலகையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், எலி குறுக்கே ஓடுகிற மாதிரி வையுங்கள். நேரே எதிர்கொண்டு வந்தால் அதற்குச் சரியாகத் தெரியாது. தூசு படுகிறது என்று முன்னால் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வைத்தால் குருடாகிவிடும், உடம்புச் சூடு அதில் புகாது. மெல்லிய பிளாஸ்டிக் பை தாள் பரவாயில்லை. மின்சாரம் கொடுத்த முதல் ஒரு நிமிடம் வருவதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ரேடியோ அனுப்பும்போது பக்கத்திலிருக்கும் பி.ஐ.ஆர் தானாக அடிக்கும். அனுப்பி முடித்துச் சில விநாடி கழித்தே திரும்பக் கேட்கும்படி எழுதவேண்டும்.

எச்சரிக்கைத் தகவல் பொறியிலிருந்து மட்டும் வரட்டும். பி.ஐ.ஆர் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டு வாரம் ஒரு தடவை கணக்குக் கொடுத்தால் போதும்.

புதுக்கடை
அல்ட்ராசோனிக் கருவி விற்கிறார்களே? பிளக்கில் சொருகினால் எலி ஓடிவிடுமாம்.

ஐந்தடிப்பாதை
வாங்காதீர்கள். அந்தச் சத்தம் அரிசி மூட்டையைக்கூடத் தாண்டாது, சில நாளில் எலிக்கும் பழகிவிடும். 2001இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இப்படி விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது.

கடைவரிசை12
சிலர் சென்சரும் வேண்டாம், பொறியும் வேண்டாம், லோங்காங் ஓரம் மருந்து வைத்தால் முடிந்தது என்கிறார்கள்.

கூகைப்பெட்டி
இதில் மட்டும் நான் சென்சர்காரர் பக்கம். புரோடிஃபாகூம் என்ற எலி விஷம் 0.005 சதவீதம் கலந்த கட்டியைத் தின்ற எலி அன்றே சாகாது. பல நாள் உயிரோடு சுற்றும், மேலும் தின்னும், விஷம் ஏறிய உடம்போடு வெளியே தள்ளாடும். அதைத்தான் கூகை ஆந்தை முதலில் பிடிக்கும். தோட்ட ஓரத்தில் கம்பத்தில் நிற்கும் கூகைப் பெட்டிகளைப் பாருங்கள், எலிக்காகவே செலவு செய்து நட்டது. கடைக்காரர் வைக்கும் மருந்து அந்தக் குஞ்சுகள் வயிற்றில் போய்ச் சேரும். தயவுசெய்து வைக்காதீர்கள். சிலிங்குக்குள் போய்ச் செத்தால் எடுக்கவும் வழியில்லை.

பொறியே வையுங்கள். ஆனால் அவசரப்படாதீர்கள். எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். பூட்டாத பொறியில் கருவாட்டுத் துண்டோ வறுத்த தேங்காயோ நூலால் கட்டி, மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் சும்மா தின்னவிடுங்கள். இரை தொடர்ந்து காலியானபிறகு பூட்டுங்கள். பொறி சுவருக்குக் குறுக்காக, இரைத் தட்டு சுவரை ஒட்டி இருக்கவேண்டும். கம்பியால் கட்டிவையுங்கள், அரை உயிரோடு இழுத்துப்போகும். உங்கள் சென்சர் டப்பாவும் எலிக்குப் புதுப் பொருள்தான், அதையும் முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள்.

ரீட்சுவிட்ச்
டப்பா பொறிக்குப் பக்கத்தில் வேண்டாம், ஒரு மீட்டர் ஒயர் விட்டுத் தள்ளி வையுங்கள். கருவாட்டுக்கு வரும் எறும்பு ஒயர் ஓட்டை வழியே புகுந்து போர்டு மேலேயே முட்டை வைக்கும். ரப்பர் கிளாண்ட் போட்டு இறுக்கி, போர்டுக்கு வார்னிஷ் அடியுங்கள். பேட்டரி லித்தியம் ஏஏ இரண்டு. அல்கலைன் நாளாக ஆகக் கசியும். கடைப் பின்பக்கம் வைஃபை எட்டாது, குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் லோரா ரேடியோ போடுங்கள், மலேசியாவுக்கு 919 முதல் 924 மெகாஹெர்ட்ஸ். பொறிகளின் தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வேயை ஜிங் கூரைக்கு மேலே ஏற்றாதீர்கள், தகரம் மறைத்துவிடும். சிலிங்குக்குக் கீழேயே இருக்கட்டும்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பொறியும் 'இருக்கிறேன்' என்று சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் பேட்டரி செத்த பொறியும் எலி வராத பொறியும் ஒரே மாதிரி அமைதியாக இருக்கும்.

ஐந்தடிப்பாதை
தகவல் வந்தால் யார் போவது? பெயரை முதலில் எழுதுங்கள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. எலிக்காய்ச்சல் மூத்திரத்தில் வருவது, 2010 முதல் நம் நாட்டில் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். எலியை இரட்டைப் பையில் போட்டுக் கட்டி, பொறியையும் தரையையும் குளோரக்ஸ் ப்ளீச் கலந்த தண்ணீரால் கழுவுங்கள். சாப்பாட்டுக் கடைப் பையன் அதே கையோடு இலை போடக்கூடாது.

கடைவரிசை12
அப்படியானால் இந்த வரிசையில் போகிறோம். இந்த மாதம் தீவனக் கடைக்கு மேலேயும் இரண்டு பக்கத்துக் கடைகளுக்கு மேலேயும் எண்ணும் சென்சர் மட்டும். அது காட்டும் இடத்தில் வலை. பிறகு ஆறு பொறி. தீவனக் கடைக்காரரும் மருந்துக் கடை அக்காவும் முறை வைத்துக்கொள்கிறார்கள்.

கூகைப்பெட்டி
தரையில் மாவும் தூவுங்கள் தம்பி. சென்சர் கணக்கும் மாவுத் தடமும் இரண்டு வாரம் பக்கத்தில் பக்கத்தில் எழுதி இங்கே போடுங்கள். ஒத்துப்போனால் நானும் இரண்டு சென்சர் பெட்டி வாங்கித் தருகிறேன்.