கல்லீரல் மாற்றுக்குப் பின் டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்தவர்களின் அனுபவம் தேவை

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

பாம்பனில் மீன்பிடித் தொழில் செய்யும் என் தந்தைக்கு, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோயால் கல்லீரல் சுருங்கிப்போனதால், 14 மாதங்களுக்கு முன்பு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. கிருமி மீண்டும் தலைதூக்காமல் இருக்க என்டெகாவிர் மாத்திரையும், உடல் புதிய கல்லீரலை நிராகரிக்காமல் இருக்க 12 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்ரோலிமஸும் தவறாமல் எடுத்துக்கொள்கிறார்.

இப்போது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்தக் கிரியேட்டினின் 0.9-இலிருந்து 1.6-ஆக ஏறியிருக்கிறது. சிறுநீரகத்தைக் காப்பதற்காக டாக்ரோலிமஸைக் குறைத்து, அதனுடன் நிராகரிப்பைத் தடுக்கும் வேறு மருந்தான மைக்கோஃபினோலேட் அல்லது எவரோலிமஸ் சேர்க்கலாம் என்று மருத்துவர் கூறியுள்ளார். முன்னது வயிற்றுப்போக்கையும் வெள்ளணுக் குறைவையும் தரக்கூடும். பின்னது கொழுப்பைக் கூட்டி, வாய்ப்புண் உண்டாக்கி, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்றார். நரம்பு வலை (நைலான் மீன்வலை) இழுத்து இழுத்து அப்பாவின் விரலிடுக்குகளில் எப்போதும் இரண்டு மூன்று வெட்டுக்காயங்கள் இருக்கும் என்பதால், எனக்கு இந்தக் கடைசிச் செய்திதான் உறக்கத்தைக் கெடுக்கிறது.

முடிவை மருத்துவரே எடுப்பார். ஆனாலும், இவ்விரண்டில் ஒன்றுக்கு மாறியவர்கள், குறிப்பாகக் கடல் தொழிலில் இருப்பவர்கள், காயங்கள் எப்படி ஆறின, சிறுநீரகம் தேறியதா என்று தயவுசெய்து எழுதுங்கள்.

மற்றொன்று: டாக்ரோலிமஸ் அளவு பார்க்க, காலை மாத்திரைக்கு முன்பே இரத்தம் எடுக்க வேண்டியிருப்பதால், விடியுமுன் மதுரைக்குப் புறப்படுகிறோம். இராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ இரத்த மாதிரி எடுத்து அனுப்பும் ஆய்வகம் இருந்தால் தெரிவியுங்கள்.