படபடப்புன்னு வர்றவங்களுக்கு ஈசிஜி நார்மல்னா, அடுத்து எதைப் பார்க்கணுமுங்க?

நொய்யல்கரை:

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். ஓவர்லாக்கிலும் செக்கிங் டேபிளிலும் வேலை செய்யும் பெண்கள்தான் அதிகம் வருவார்கள், 25 வயதிலிருந்து 50 வயது வரை. சொல்வது ஒரே மாதிரி: "நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க, கை நடுங்குது, மூச்சு பத்தல." பல்ஸ், பிரஷர், ஆக்சிஜன் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம். ஈசிஜி நார்மல். "ஒன்னுமில்ல, வெசனத்துல வர்றதுதான்" என்று ஓர் அட்டை மாத்திரையோடு திரும்புவார்கள். இரண்டு வாரம் போனால் அதே ஆள், அதே படபடப்பு, முன்னைவிட எச்சாக.

ஈசிஜி நார்மல் என்றபின், சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி இருப்பவர்களுக்குச் செலவு இழுத்துவிடாமல் எதை முதலில் பார்ப்பது? என் அறையில் முதல் பத்து நிமிடம் என்ன செய்வது? அப்புறம், பதற்றம் இருந்தால் மாரடைப்பு வரும், நடுக்குவாதம் (பார்க்கின்சன்) வரும், ஞாபகம் போகும் என்று ஆராய்ச்சிச் செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ஏற்கெனவே பயந்தவர்கள் அதைப் படித்துவிட்டு இன்னும் பயப்படுகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை?

பவானிக்கூடல் (பொது மருத்துவம், ஈரோடு மாவட்டம்):

சிஸ்டர், "வெசனமா, உடம்புக் கோளாறா" என்று இரண்டில் ஒன்றாகப் பிரிப்பதில்தான் பிழை தொடங்குகிறது. இரத்தம் கம்மியான பெண்ணுக்கு நெஞ்சு அடிக்கும். நெஞ்சு அடிப்பதால் பயம் வரும். பயத்தில் இன்னும் அடிக்கும். இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் வைத்தியம் வேண்டும்.

சாதாரண ஈசிஜி பதிவது சுமார் 10 வினாடி. படபடப்பு அடங்கியபின் எடுத்த 10 வினாடியில் ஒன்றும் தெரியாதது இயல்பு. அதனால் ஈசிஜியைவிட முதலில் உதவுவது உங்கள் கேள்விதான்: எப்படி ஆரம்பித்தது, எப்படி நின்றது? ஸ்விட்ச் போட்டாற்போல் சட்டென்று தொடங்கி, சட்டென்று நின்றால் இதயத்தின் மின்னோட்டக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். பயத்தில் வருவது பெரும்பாலும் சில நிமிடங்களில் ஏறி, மெல்ல மெல்ல இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பல்ஸ் 150க்கு மேல், ஒரே சீராக ஓடினால் அப்போதே ஈசிஜி எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், அடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படிச் சட்டென்று வேகமெடுக்கும் இதயக் கோளாறு உறுதியான 107 பேரைப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேரின் அறிகுறிகள் பீதி நோயின் அளவுகோலுக்கும் அப்படியே பொருந்தின. அதிலும் ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகமாக "பயம்தான்" என்று முத்திரை குத்தியிருந்தார்கள்.

விரல் மிஷின் காட்டும் பல்ஸை மட்டும் நம்பாதீர்கள். கை நடுங்கினாலும், விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும். மணிக்கட்டில் விரல் வைத்து முழு 60 வினாடி எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் சீரில்லாத துடிப்பு தப்பிவிடும்.

நீங்கள் எழுதிய பட்டியலில் சுகர் இல்லை. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிபன் சாப்பிட நேரமில்லாமல் 8.30 ஷிப்டுக்கு ஓடிவரும் சர்க்கரை நோயாளிக்கு 11 மணிக்கு வரும் நடுக்கமும் வேர்வையும் பதற்றத்தை அச்சுப் பிசகாமல் ஒத்திருக்கும். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. வெறும் சர்க்கரை போதுமே என்று நினைப்போம். ஆனால் வோக்லிபோஸ் சேர்ந்த சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை குடலில் உடைவதே தாமதப்படும். ஆகவே குளுக்கோஸ் பவுடர் பாக்கெட்தான் அறையில் இருக்க வேண்டும்.

அடுத்து ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டுக்குப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை). ஈஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் இதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே என்றால் இரத்தசோகை. மாதவிலக்கு தள்ளியிருந்தால் கர்ப்பப் பரிசோதனை. 45ஐத் தாண்டியவருக்கு முகமெல்லாம் குப்பென்று சூடேறி வேர்த்துப் படபடத்தால் மாதவிலக்கு நிற்கும் காலத்தையும் கணக்கில் எடுங்கள்.

டிஎஸ்எச் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பல லேப் முறைகளில் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து, தைராய்டு எக்குத்தப்பாக ஓடுவதுபோல் காட்டும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள்.

நெஞ்சில் பாரம் 15 நிமிடத்துக்கு மேல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, மயங்கி விழுதல், குடும்பத்தில் 40 வயதுக்குள் திடீர் மரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாக மட்டும் மாரடைப்பு வரலாம். அங்கே முதல் ஈசிஜியும் முதல் ட்ரோபோனினும் (மாரடைப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) நார்மல் என்றாலும், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

மருந்துக்கடை_காங்கேயம்:

ரெண்டு வாரத்துல எச்சா திரும்பி வருதுன்னு சொன்னீங்களே சிஸ்டருங்க, அதுக்குக் காரணம் பாதி அந்த அட்டையிலயே இருக்கும். திருப்பி, சின்ன எழுத்தைப் படிங்க. எஸ்சிடாலோப்ராம் 10 மில்லிகிராம், கூடவே குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம்னு இருக்கும். ஒரே மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்துங்க. குளோனாசெபாம் ஒரு மணி நேரத்துலயே படபடப்பை அமுக்கும். எஸ்சிடாலோப்ராம் வேலை காட்ட 2லிருந்து 6 வாரம் ஆகும். மூணாம் நாளே "சரியாப் போச்சு"ன்னு தோணுது, பத்து மாத்திரை தீர்ந்ததும் நிறுத்திடறாங்க. அமுக்கி வெச்ச மருந்து இறங்குது, ஆற வைக்கிற மருந்து இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. படபடப்பு, தூக்கமின்மை, தலைசுத்தல் எல்லாம் சேர்ந்து எழும். அவங்க அதை நோய் முத்திடுச்சுன்னு எடுத்துக்கறாங்க.

அதனால முதல் அட்டை தீர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. குளோனாசெபாமை 2லிருந்து 4 வாரத்துக்குள்ள படிப்படியா இறக்கி, எஸ்சிடாலோப்ராமை மட்டும் தொடரச் சொல்றது வழக்கம். நல்லானதுக்கு அப்புறமும் ஆறு மாசத்துக்குக் குறையாம சாப்பிடணும். முதல் வாரம் வயித்தைப் பிரட்டும், படபடப்பு கொஞ்சம் கூடக்கூடச் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லாததாலதான் பாதிப் பேர் நாலாம் நாள் தூக்கி எறியறாங்க. குளோனாசெபாம் சாப்பிடற நாள்ல ஓவர்லாக்ல உட்கார வேண்டாம். கத்தியும் ஊசியும் ஓடற மிஷின். செக்கிங்குக்கோ மடிக்கிற வேலைக்கோ மாத்தி விடச் சொல்லுங்க. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வண்டி ஓட்டிட்டுப் போறதும் ஆபத்துதான்.

நெஞ்சுத் துடிப்பை மட்டுப்படுத்தற பிரப்ரனலாலும் சிலருக்குக் கொடுப்பாங்க. வீசிங் இருக்கறவங்களுக்கு அது ஆகவே ஆகாது. சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு லோ சுகரோட நடுக்கத்தையும் படபடப்பையும் மறைச்சிடும், வேர்வை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். முதுகு வலிக்கு டைக்ளோபினாக் வாங்கிப் போடற பழக்கம் இந்த வேலைல எச்சு. எஸ்சிடாலோப்ராமோட சேர்ந்தா வயித்துல இரத்தக் கசிவுக்கு வாய்ப்புக் கூடுது. அறுபது தாண்டி, பிரஷருக்கு நீர் பிரியற மாத்திரையும் சாப்பிடறவங்களுக்கு உப்புச்சத்து இறங்கலாம். குழப்பமாப் பேசினா, தள்ளாடினா சோடியம் பார்க்கணும்.

படபடப்பையே உண்டாக்கற மருந்துகளையும் கேளுங்க: வீசிங்குக்கு இழுக்கற சால்புடமால் இன்ஹேலர், மூக்கடைப்புக்குப் போடற ஃபினைல்எஃப்ரின் கலந்த சளி மாத்திரை, தைராய்டு குறைவுக்குப் போடற தைராக்சின் அளவு மிஞ்சினாலும் அப்படித்தான். தைராக்சின்ல நான் திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுங்க. இரும்புச்சத்து மாத்திரையையும் தைராக்சினையும் ஒண்ணாப் போட்டா தைராக்சின் உடம்புல ஏறாது. டிஎஸ்எச் இறங்கலைன்னு டாக்டர் டோஸைக் கூட்டுவார். அப்புறம் இரும்பு மாத்திரையை நிறுத்தினதும் கூட்டின டோஸ் முழுசா ஏறும், நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும். ரெண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி வேணும். காலைல எந்திரிச்சதும் தண்ணியோட தைராக்சின், அரை மணியாவது கழிச்சுத்தான் காப்பி.

அந்தியூர்க்காரன்:

இப்படி மூச்சு வாங்கும்போது பேப்பர் பையில் மூச்சு விடச் சொல்வார்களே, அது சரியா?

சிறுவாணி (மனநல ஆலோசகர், கோவை):

வேண்டாம். வீசிங்கோ இதயக் கோளாறோ இருப்பவருக்கு அது ஆக்சிஜனைக் குறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அறைக்குள் வருபவருக்கு எது இருக்கிறதென்று அந்த நேரத்தில் நமக்குத் தெரியாது.

"நல்லா மூச்சை இழுத்து விடு" என்பதையும் விட்டுவிடுங்கள். வேகவேகமாக, ஆழமாக மூச்சுவிட்டதால் கார்பன் டை ஆக்சைடு குறைந்துதான் விரல் மரத்துப்போகிறது, உதடு சுறுசுறுக்கிறது, கை மடங்கி இழுக்கிறது. இன்னும் இழுத்தால் அது கூடும். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மெதுவாக உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே, 5 நிமிடம். நீங்களும் கூடவே எண்ணுங்கள். சுகரும் பல்ஸும் பார்த்தபின் செய்ய வேண்டியது இது, முன்னால் அல்ல. "ஒன்னுமில்ல" என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். அவருக்கு நெஞ்சு அடிப்பது நிஜம். "பீதி சில நிமிடத்தில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும், அதுவரை நான் பக்கத்திலேயே இருக்கேன்" என்பது உண்மையும்கூட, அவருக்குப் பிடிமானமும்கூட.

இனி வாட்ஸ்அப் செய்திகள். 2024இல் பிரிட்டனில் வந்த நடுக்குவாத ஆய்வில், 50 வயதுக்குமேல் முதன்முறையாகப் பதற்றம் கண்ட 1,09,435 பேரைப் பதற்றம் இல்லாத 8,78,256 பேரோடு ஒப்பிட்டார்கள். நடுக்குவாதம் இரண்டு மடங்கு என்றது செய்தி. சரிதான், ஆனால் அந்த ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் பேரில் நடுக்குவாதம் வந்தது 331 பேருக்கு, ஆயிரத்துக்கு மூன்று பேர். மேலும், நடுக்குவாதம் கை நடுங்குவதற்குப் பல ஆண்டு முன்பே மூளையில் தொடங்கிவிடும். பதற்றம் அதைக் கொண்டுவந்தது என்பதைவிட, அதன் முதல் அடையாளமாகப் பதற்றம் இருந்தது என்று பார்ப்பதே பொருத்தம். 30 வயதில் செக்கிங் டேபிளில் வெசனப்படும் பெண்ணைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. 50க்குமேல் புதிதாகப் பதற்றம் வந்து, கூடவே மலச்சிக்கல், வாசனை தெரியாமை, தூக்கத்தில் கை கால் வீசுதல் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஞாபகம் பற்றியது ஆஸ்திரேலியாவின் நியூகாசில் ஆய்வு, அதுவும் 2024. வயதான 2,132 பேரைச் சுமார் பத்து ஆண்டு கவனித்தார்கள். பதற்றம் நீங்காமல் இருந்தவர்களுக்கு மறதி நோய் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் ஒருமுறை பதற்றம் இருந்து அடுத்த முறை பார்க்கும்போது தீர்ந்துவிட்டவர்களுக்கு, பதற்றமே இல்லாதவர்களைவிட அபாயம் கூடவில்லை. சுற்றில் விடப்படுகிற செய்தியில் இந்த வரி விழுந்துபோகிறது. பயந்தவரிடம் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

இதயத்தைப் பொறுத்தவரை, 2010இல் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பதற்றம் உள்ளவர்களுக்கு இதயத் தமனி நோய் 26 சதவீதம் கூடுதல் என்று வந்தது. மருத்துவர் சொன்ன இருவழித் தொடர்புக்கு 2023இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த எலிச் சோதனை நல்ல சான்று. எலியின் இதயத்தை ஒளியால் தூண்டி நிமிடத்துக்கு 900 முறை துடிக்க வைத்தார்கள். பயத்துக்கு வாய்ப்புள்ள இடங்களில் அந்த எலிகள் ஒடுங்கின, பழகிய கூண்டில் அப்படி இல்லை. இதயம் அடிப்பதே பயத்தைக் கிளப்பும், ஆனால் சூழல் சேர வேண்டும்.

அந்தச் சூழலைத்தான் நீங்கள் கேட்டறிய வேண்டும். ஜிஏடி 7 என்ற கேள்வித்தாளில் 7 கேள்வி, கடந்த இரண்டு வாரம் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். அதை வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது. "பதற்றம் இருக்கா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "வெசனம் விட்டுப் போகாம இருக்கா, ராத்திரி தூக்கம் புடிக்குதா" என்று கேட்டால் பதில் வரும். குழுக்கடன் தவணை, வீட்டில் குடி, அடி, இவற்றைச் சூப்பர்வைசர் காதுபடக் கேட்காதீர்கள். சாக நினைப்பு உண்டா என்பதை நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. உண்டு என்றால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 276 பேரிடம் செய்து 2022 நவம்பரில் வெளியான ஆய்வில், 8 வாரத் தியானப் பயிற்சி எஸ்சிடாலோப்ராமுக்குச் சளைக்கவில்லை. ஆனால் அது வாரம் ஒரு வகுப்பு, தினமும் வீட்டில் 45 நிமிடம். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவரிடம் அதை அப்படியே சொல்வது நியாயமில்லை. நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) பெரும்பாலும் வாரம் ஒருமுறை என்பதால் இவர்களுக்கு நடைமுறைக்கு ஒத்துவரலாம்.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. அட்டையில் ரெண்டு மருந்து இருப்பதை இதுவரை கவனிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது சீட்டில் இப்போது "படபடப்பு, பிரஷர் 130/80" என்று மட்டும்தான் எழுதுகிறோம். என்னவெல்லாம் எழுதினால் அங்கே உதவும்?

பவானிக்கூடல்:

தொடங்கிய மணி, நின்ற மணி, சட்டென்றா மெதுவாகவா. மணிக்கட்டில் 60 வினாடி எண்ணிய பல்ஸ், சீரா சீரில்லையா. படபடப்பின்போது பார்த்த சுகர். பிரஷர், 5 நிமிடம் உட்கார வைத்தபின் இன்னொரு தடவை. கடைசியாகச் சாப்பிட்ட நேரம், அன்று குடித்த டீ காப்பி எத்தனை. கடைசி மாதவிலக்குத் தேதி. எல்லா மாத்திரையும், சளி மாத்திரை, முடி மாத்திரை உட்பட. முடிந்தால் அட்டைகளையே கொடுத்தனுப்புங்கள். இதற்கு முன் எத்தனை முறை, எந்தத் தேதிகளில். தினமும் வருகிறதென்றால் 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டி வைத்துத் தொடர்ந்து ஈசிஜி பதியும் கருவி) போதும். வாரம் ஒருமுறைதான் என்றால் அதில் அகப்படாது, 7லிருந்து 14 நாள் நெஞ்சில் ஒட்டி வைக்கும் ஈசிஜி பட்டை கேட்க வேண்டும். உங்கள் சீட்டில் தேதிகள் இருந்தால் எதைக் கேட்பது என்று அங்கேயே தெரிந்துவிடும்.