பழைய மாஸி 1035 டிராக்டர்: குறுவைக்கு முன் எந்த வேலையைச் செய்வது?

மன்னார்குடி விவசாயி:
வணக்கம். அப்பா வாங்கிய மாஸி பெர்குசன் 1035. மேட்டூரில் தண்ணீர் விட்டதும் சேற்றுழவுக்கு இறக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் புகை நின்றுவிடுகிறது. கல்டிவேட்டர் போட்டால் இன்ஜின் சத்தம் ஏறுகிறதே தவிர வண்டி இழுப்பதில்லை. பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. பின்னால் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் லிப்டைத் தூக்கி வைத்து இன்ஜினை அணைத்தால் மெல்ல இறங்குகிறது. பட்டறையில் பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள். கையில் 45,000 ரூபாய்தான் இருக்கிறது.

பட்டறைக்காரர்:
தம்பி, இன்ஜினை இப்போது தொடாதீர்கள். ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை என்றால் பெரும்பாலும் வால்வு கைடு (வால்வு தண்டு ஏறி இறங்கும் குழாய்) வழியாக ஆயில் இறங்குகிறது. ரிங் போயிருந்தால் லோடு இழுக்கும்போதும் புகை வரும், ப்ரீத்தரில் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) குபுகுபுவெனக் காற்று தள்ளும், ஆயிலும் அடிக்கடி குறையும். வண்டி சூடான பிறகு ப்ரீத்தரைப் பாருங்கள்.

பிரேக்தான் முதல் வேலை. இடப்பக்கம் இழுக்கிறது என்றால் வலது பிரேக் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருந்தும் இழுத்தால், வலது பக்கத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆக்சில் சீல் கசிந்து லைனிங்கில் ஆயில் ஏறியிருக்கலாம். சீலை மாற்றாமல் லைனிங் மட்டும் போட்டால் காசு வீண். ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டித்தான் ஓட்ட வேண்டும்.

சத்தம் ஏறியும் வண்டி இழுக்கவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் பெடலில் ஃப்ரீ ப்ளே, அதாவது மிதித்ததும் முதலில் லேசாக இறங்கும் தளர்வு, இருக்கிறதா? இல்லையென்றால் அதைச் சரிசெய்தாலே வழுக்கல் நிற்கலாம். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) அடியில் உள்ள ஓட்டையில் ஆயில் சொட்டுகிறதா என்றும் பாருங்கள்.

திருவாரூர் டிரைவர்:
லிப்ட் மெல்ல இறங்குவதை இந்த சீசனுக்கு விட்டுவிடலாம். இன்ஜின் ஓடும்போது தூக்கிய கருவி மேலும் கீழும் தலையாட்டினால்தான் அவசரம். எதற்கும் ஹைட்ராலிக் ஆயில் அளவைப் பாருங்கள். வண்டியை நிறுத்தும்போது கருவியைத் தரையில் இறக்கிவிடுங்கள். தூக்கி வைத்த கலப்பைக்கு அடியில் யாரும் கை வைக்கக் கூடாது, இதைப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

மன்னார்குடி விவசாயி:
பார்த்துவிட்டேன் அண்ணே. ப்ரீத்தரில் தள்ளல் இல்லை, லிப்ட் தலையாட்டவில்லை. ஃப்ரீ ப்ளே இருக்கிறது. ஆனால் பெல் ஹவுசிங் ஓட்டையில் கறுப்பு ஆயில் சொட்டுகிறது. பழைய கிளட்ச் பிளேட்டுக்கே லைனிங் அடித்துப் போடலாமா?

பட்டறைக்காரர்:
வேண்டாம், ஆயில் ஊறிய பிளேட்டைத் தூக்கிப் போடுங்கள். கறுப்பாக இருப்பதால் அது இன்ஜின் ஆயில், கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க சீல் போயிருக்கிறது. வண்டியை இரண்டாகப் பிரிக்கும் கூலிதான் பெரிய செலவு. அதனால் பிரித்த கையோடு அந்த சீல், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள். டூயல் கிளட்ச் (இரண்டு பிளேட் உள்ள கிளட்ச்) என்றால் இரண்டு பிளேட்டும் புதிது. கிளட்ச் பிளேட் அழுந்தும் ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டோ வெடிப்போ இருந்தால் லேத்தில் காட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். காசு மிஞ்சினால் ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர். வால்வு வேலையை அறுவடை முடிந்து பார்த்துக்கொள்ளலாம்.