மகனுக்கு மாச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், வீட்டிலோ இரண்டு வேளை ரொட்டி. எப்படிச் சமாளிப்பது?

தலவாக்கலை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூத்தவனுக்குப் பதினொரு வயது, 54 கிலோ. கழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலக் கறுத்திருந்தது. நானும் ஒரு வருடமாகப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையை அழவைத்தேன், அது அழுக்கே இல்லையாம். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதத்துச் சராசரி இரத்தச் சீனியைக் காட்டும் கணக்காம்) 5.9. சீனி வருத்தம் இன்னும் வரவில்லை, ஆனால் வாசல் வரை வந்துவிட்டது என்றார் டொக்டர். மாச்சத்தைக் குறையுங்கள், இனிப்பை நிறுத்துங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நின்றது, எதைக் கேட்பது?

வீட்டு நிலைமை இதுதான். நான் முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போகிறேன், வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார், வரும்போது இரண்டு பை நிறைய பிஸ்கட்டும் கேக்கும். சமையல் முழுக்க மாமியார். காலையில் ரொட்டியும் சம்பலும், பகல் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, பின்னேரம் சாயத்தண்ணியும் பிஸ்கட்டும், ராத்திரிக்குத் திரும்பவும் ரொட்டி.

நான் இவனுக்கு மட்டும் தனியாக அவித்த முட்டையும் போஞ்சியும் வைத்தேன். மூன்று நாள் பேசாமல் சாப்பிட்டான். நான்காம் நாள் பக்கத்துக் காம்பராவில் (லயத்தில் அடுத்த வீடு) போய் இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். கேட்டதற்கு, "நான் மட்டும் என்ன தப்புச் செய்தேன்?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

இதில் இன்னொரு சிக்கல். சின்னவளுக்கு ஆறு வயது, ஈர்க்குச்சி மாதிரி. மிட்வைஃப் போன தடவையே நிறை காணாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே அடுப்பு, ஒரு பிள்ளை மெலிய வேண்டும், ஒரு பிள்ளை தேற வேண்டும். யூடியூபில் கீட்டோ என்று சோற்றையே நிறுத்திவிட்டு பட்டரும் இறைச்சியுமாகச் சாப்பிடச் சொல்கிறார்கள், அது பிள்ளைகளுக்குச் சரியா? யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை:

தங்கச்சி, முதலில் அந்தத் தனித் தட்டை இன்றைக்கே நிறுத்துங்கள். நானும் மகளுக்கு அதைத்தான் செய்தேன், ஒரு மாதத்தில் அவள் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். எல்லாரும் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் போஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது அதற்குத் தண்டனைதான், வேறென்ன.

நாங்கள் சாயத்தண்ணியில் ஆரம்பித்தோம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு தேக்கரண்டி சீனி மட்டமாக எடுத்தாலே 4 கிராம். எங்கள் வீட்டில் கோப்பைக்கு மூன்று, அதுவும் கூம்பாக. பிள்ளை ஒரு நாளைக்கு நாலு தடவை குடிப்பாள். சாப்பாட்டுக்குப் போகாமலே 50 கிராம் சீனி! வாரத்துக்கு அரைக் கரண்டி என்று முழு வீட்டுக்கும் குறைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது வாரம்தான் வீட்டுக்காரர் "என்ன, சீனி முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

அப்புறம் ரொட்டி. பக்கத்துக் கடைத் தராசில் ஒரு நாள் மாவை நிறுத்துப் பார்த்தேன், எங்கள் வீட்டுத் தடித்த ரொட்டி ஒன்றுக்கு 90 கிராம் மா போகிறது. கோதுமை மா 100 கிராமில் ஏறக்குறைய 75 கிராம் மாச்சத்து, அப்படியென்றால் ஒரு ரொட்டியில் 68 கிராம் அளவில் வரும். காலையில் இரண்டு சாப்பிட்டால் பகல் சோறு சாப்பிட்டு முடித்த மாதிரிதான். நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கோதுமையை விட்டுக் குரக்கனுக்கு மாறினால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு மாதம் குரக்கன் ரொட்டியை இஷ்டத்துக்குக் கொடுத்தேன். குரக்கனிலும் மாச்சத்து கிட்டத்தட்ட அதே அளவுதான், நார் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். சிவப்பு அரிசியும் அப்படித்தான். நல்லது, ஆனால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை.

இப்போது நாங்கள் சுடுவது கோவா (முட்டைக்கோஸ்) ரொட்டி. கோவாவை மெல்லிதாகச் சீவி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்துவிட்டு நன்றாகப் பிழிந்து எடுங்கள், பிழியாவிட்டால் மா கூழாகிவிடும், பிறகு என்னைத் திட்டக் கூடாது. துருவிய தேங்காய் கைநிறைய, ஒரு முட்டை, பச்சை மிளகாய், வெங்காயம், அப்புறம்தான் மா, ரொட்டிக்கு 40 கிராம் அளவில். கையால் தூக்கினால் கிழியும், எண்ணெய் தடவிய பேப்பரில் தட்டித் தாச்சியில் கவிழ்த்து, குறைந்த நெருப்பில் மூடி வையுங்கள். லீக்ஸ் போட்டால் இன்னும் வாசம். என் மகள் இப்போது பழைய ரொட்டியைக் கேட்பதில்லை என்று சொல்லமாட்டேன், கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்று உண்டு.

வீட்டுக்காரரின் பைக்கும் வழி இருக்கிறது. பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கடலை, கச்சான், நெத்தலிக் கருவாடு வாங்கி வரச் சொல்லுங்கள். அப்பா வெறுங்கையோடு வந்தால் பிள்ளைகளின் முகம் வாடிவிடும், அதனால் ஏதாவது இருக்க வேண்டும்.

ஹட்டன் பழசு:

நான் எழுபதைத் தாண்டியவன், ஒன்று சொன்னால் கோபிக்க வேண்டாம். எங்கள் காலத்தில் அரிசியும் மாவும் தேயிலைத் தோட்டத்திலேயே கொடுத்துச் சம்பளத்தில் கழிப்பார்கள். எழுபதுகளின் பஞ்சத்தில் அந்த மாவும் இல்லாமல் கிழங்கையும் இலைகுழையையும் அவித்துத் தின்றோம். ரொட்டி என்பது நாங்கள் ஆசைப்பட்டுப் பிடித்த சாப்பாடு இல்லை, மலிவு, வயிறு நிற்கும், விடியப் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்) போகும்போது கையில் கொண்டுபோகலாம். அந்த ரொட்டியில்தான் வளர்ந்தோம், ஒருவருக்கும் சீனி வருத்தம் இருக்கவில்லை. இப்போது ரொட்டியை எதிரி மாதிரிப் பேசுகிறீர்கள்.

கொழுந்துக்கூடை:

ஐயா, கோபமெல்லாம் இல்லை. ஆனால் உங்கள் காலத்தில் அந்த ரொட்டியைத் தின்றுவிட்டு நாள் முழுக்கக் கூடையோடு மலை ஏறி இறங்கினார்கள். இவர் மகன் வேனில் பாடசாலைக்குப் போய், வேனில் டியூஷனுக்குப் போய், வந்து போனைப் பிடித்துக்கொண்டு உட்காருவான் (என் மகளும் அப்படித்தான்). பிறகு, அந்தக் காலத்தில் யார் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை என்று சொல்வதற்கு?

ஹட்டன் பழசு:

சரி, அதுவும் நியாயம்தான்.

பண்டாரவளை தாதி:

இருபது வருடமாக வார்டிலும் கிளினிக்கிலும் இருக்கிறேன், உங்கள் டொக்டர் சொல்வதற்கு மேலே இதை எடுக்க வேண்டாம், ஆனால் அந்தத் துண்டில் எழுத இடமில்லாமல் போனதைச் சொல்கிறேன்.

கழுத்துக் கறுப்பு, உடம்பு இன்சுலினைச் சரியாக ஏற்காமல் இருப்பதன் அடையாளமாக வருவது. தேய்த்தால் போகாது, தோல் புண்ணாகும், விட்டுவிடுங்கள். நிறை இறங்கும்போது மெல்ல மெல்ல அதுவும் மங்கும். அந்த எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சீனி வருத்தத்துக்கு முந்திய கட்டம் என்பார்கள், இங்கிருந்து திரும்பி வரும் பிள்ளைகள் நிறையப் பேர்.

கீட்டோ வேண்டாம். அது வலிப்பு மருந்துக்கு அடங்காத சில பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் கொடுக்கும் சாப்பாட்டு முறை, நம் அடுப்படியில் யூடியூபைப் பார்த்துச் செய்வதற்கில்லை. வளரும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 130 கிராம் மாச்சத்தாவது தேவை என்பது பொதுவான கணக்கு. 2023இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதைப் பற்றி எழுதியது. சீனி வருத்தம் உள்ள, அல்லது வரக்கூடிய பிள்ளைகளுக்கு மாச்சத்தைக் கடுமையாக வெட்டுவதை அவர்கள் பரிந்துரைக்கவில்லை. வளர்ச்சி தடைப்படலாம், சாப்பாட்டைப் பற்றியே பிள்ளைக்கு ஒரு பயம் பிடித்துவிடலாம் என்ற கவலை. இனிப்புப் பானம், வெள்ளை மா, பொரியல் தீனி இவற்றைக் குறைப்பதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் டொக்டர் சொன்னதும் அதுவாகத்தான் இருக்கும். பதினொரு வயதுப் பிள்ளை கிலோக் கணக்கில் இறங்க வேண்டும் என்றில்லை, நிறை அப்படியே நிற்க உயரம் கூடினாலே பெரிய வெற்றி. மகனின் முன்னால் நிறையைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருந்தால் நல்லது.

சோடா விஷயம். 2016 முதல் இலங்கையில் போத்தலில் சீனி அளவைக் காட்ட நிறம் போடுகிறார்கள். சிவப்பைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறோம், மஞ்சளை நம்பிவிடுகிறோம். மஞ்சள் என்றால் 100 மில்லிக்கு 2 முதல் 11 கிராம் வரை. 10 கிராம் உள்ள பானமும் மஞ்சள்தான், 400 மில்லிப் போத்தலை முடித்தால் பத்துக் கரண்டி சீனி.

இனிச் சின்னவள். நீங்கள் இரண்டு சமையல் தேவை என்று நினைக்கிறீர்கள், தேவையில்லை. 2016 கணக்கெடுப்பில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, நாடு முழுக்க எடுத்தால் அது 17 சதவீதம். ரொட்டியும் சாயத்தண்ணியும் ஒரு பிள்ளையைக் கட்டையாக்குகிறது, இன்னொரு பிள்ளையை ஊதவைக்கிறது, இரண்டிலும் குறைவது ஒன்றுதான்: முட்டை, மீன், பருப்பு, பயறு, கவுப்பி, கீரை. அதே சட்டியிலிருந்து இருவருக்கும் போடுங்கள். சின்னவளுக்குச் சோறு ஒரு கரண்டி கூட, மேலே கொஞ்சம் தேங்காய்ப் பால், பின்னேரம் ஒரு கோப்பைப் பால், ஒரு வாழைப்பழம். பெரியவனுக்குத் தட்டில் முதலில் பாதி மரக்கறி, பிறகு முட்டையோ மீனோ, கடைசியாகத்தான் சோறு. உருளைக்கிழங்கு மரக்கறிக் கணக்கில் வராது, அதுவும் சோறுதான், நுவரெலியாக் கிழங்கானாலும்! சாப்பாட்டோடு சாயத்தண்ணி வேண்டாம், இருவருக்கும்தான், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் மாமியாருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா?

பதுளை அப்பா:

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. என் மகளுக்கு முதலாம் வகைச் சீனி வருத்தம், எட்டு வயதிலிருந்து இன்சுலின் ஊசி. அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நீங்களாகச் சோற்றைக் குறைத்தால் ஊசி அளவு கூடிப்போய் சீனி சடாரென்று இறங்கும். எங்களுக்கு ஒரு ராத்திரி 48க்குப் போனது, வியர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பேச்சில்லை. விழுங்க முடிந்ததால் சீனித் தண்ணீர் பருக்கிப் பிழைத்தோம். வெளியில் மழை, முச்சக்கர வண்டி கிடைக்கவே முக்கால் மணித்தியாலம். ஊசியை விடுவது அதைவிட மோசம். பிள்ளை திடீரென்று மெலிகிறான், தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கிறான், படுக்கையில் சலம் போகிறான் என்றால் சாப்பாட்டு யோசனையெல்லாம் வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தலவாக்கலை அம்மா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தாதி அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? மாமியாருக்கு ஆறு வருடமாக இருக்கிறது, காலையும் மாலையும் குளிசை. குளிசையைப் போட்டுவிட்டு மூன்று கரண்டிச் சீனியோடு சாயத்தண்ணி குடிப்பார். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை.

பண்டாரவளை தாதி:

பதினொரு வயதில் இப்படி என்றால் வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது பெரும்பாலும் இருக்கும், அதுதான் கேட்டேன். ஆனால் கவனம், கிளிக்லசைட் மாதிரிக் குளிசை என்றால் வீட்டுச் சாப்பாட்டில் மா குறையும்போது அவருக்கும் சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். மெட்ஃபோமின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. அவருடைய கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் அங்கே சொல்லிவிடுங்கள், நீங்களாகக் குளிசையைக் குறைக்க வேண்டாம்.

தலவாக்கலை அம்மா:

போன செவ்வாய் கொண்டுபோனேன், ஒரு குளிசையைப் பாதியாக்கியிருக்கிறார்கள். வரும் வழியில்தான் எனக்கு யோசனை வந்தது. மகனிடம் போய், உனக்காக இல்லை, அப்பாயிக்குத்தான் சீனி கூடாது, நான் வேலைக்குப் போனபிறகு யார் பார்ப்பது, நீதான் பார்க்க வேண்டும் என்றேன். அவ்வளவுதான், சீனிப் போத்தலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். இப்போது வீட்டில் எல்லாருக்கும் அவன்தான் அளந்து போடுகிறான், ஒரு கரண்டி, கத்தியால் மட்டம் தட்டி! மாமியார் முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், பேரன் கையால் போடுவதால் குடித்துவிட்டார்.

கோவா ரொட்டி முதல் தடவை கூழாகிவிட்டது, பிழிந்தது போதவில்லை. இரண்டாம் தடவை மாமியாரே வாங்கிப் பிழிந்து சுட்டார், நன்றாக வந்தது, கறிவேப்பிலை அவர் சேர்த்தது. பகலில் சோறு இருக்கிறது, ஆனால் உருளைக்கிழங்குக்குப் பதில் கோவாச் சுண்டல், போஞ்சி, வாரத்தில் இரண்டு நாள் டின் மீன். பக்கத்துக் காம்பராவிலும் சொல்லி வைத்துவிட்டேன், அங்கே இப்போது அவனுக்கு ரொட்டி கிடையாது.

வீட்டுக்காரர் இந்த வாரம் வருகிறார். போனில் கச்சான் என்றுதான் சொன்னேன். "சரி சரி" என்றார், குரலைக் கேட்டால் கேக்கும் வரும் போல இருக்கிறது.