மறு: லிமிடெட் அனிமேஷன் – தமிழில் என்ன?

> என் பரிந்துரை: வரையறுக்கப்பட்ட அசைவூட்டம்

வணக்கம்.

இது கம்பெனிப் பெயர்ப்பலகையை வாசிப்பது போல இருக்கிறது, ஐயா. முதலில் அந்த உத்தி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

முஷி புரொடக்‌ஷன் பற்றிய கட்டுரைக்குத்தான் இந்தச் சொல் வேண்டும். ஜப்பானிய காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகா 1961-இல் தொடங்கிய அசைவூட்ட நிறுவனம். 1963 ஜனவரி 1 முதல் ஃபுஜி டிவியில் அவர்களுடைய ‘அஸ்ட்ரோ பாய்’ என்ற எந்திரச் சிறுவன் தொடர் வாராவாரம் அரைமணி நேரம் ஓடியது. படச்சுருளில் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). டிஸ்னி பாணியில் வரைந்த ஒரு படம் ஒன்றிரண்டு சட்டகங்களுக்குத்தான் நிற்கும். முஷியில் ஒரே படத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினார்கள். ஆக, நொடிக்கு எட்டே படம்! பேசும் காட்சியில் முகம் அப்படியே இருக்கும், வாய் மட்டும் மேலே வைக்கும் தனி ஒளிபுகு தாளில் (செல்) மாறும். பையன் பறக்கிற படங்களைப் பத்திரப்படுத்தி, வேறொரு வாரம் பின்னணியை மாற்றி மறுபடி படம்பிடிப்பார்கள்.

வாரக்கெடுவும் சிறிய பட்ஜெட்டும் கொண்டுவந்த வழி இது. அதனால் ‘சிக்கன அசைவூட்டம்’ என்கிறேன். முன்பு ஒருவர் சொன்ன ‘குறை அசைவூட்டம்’ வேண்டாம். ஏதோ பழுது என்று தொனிக்கிறது.

---

வணக்கம்.

‘சிக்கனம்’ முஷிக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. அமெரிக்காவில் யூபிஏ என்ற கார்ட்டூன் நிறுவனம் 1950-களிலேயே இதைச் செய்தது. அங்கே காசைவிட ரசனைதான் பெரிய காரணம்: டிஸ்னியின் உயிரோட்டப் பாணி வேண்டாம், தட்டையான நவீன ஓவியம் அசைந்தால் போதும் என்றார்கள். காரணத்தைச் சொல்லுக்குள் திணிக்காமல் அளவை மட்டும் சொல்வோமே. ஓட்டல் பலகையில் ‘அளவுச் சாப்பாடு’, ‘முழுச் சாப்பாடு’ என்று எழுதுகிறோம். அப்படியே அளவு அசைவூட்டம், முழு அசைவூட்டம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

---

ஆகா, இணை கிடைத்துவிட்டது. எடுத்துக்கொள்கிறேன்.

முஷி 1973-இல் திவாலானாலும் பாணி நின்றுவிடவில்லை. அங்கிருந்து வெளியேறியவர்கள் 1972-இலேயே மேட்ஹவுஸ், சன்ரைஸ் என்ற அசைவூட்ட நிறுவனங்களைத் தொடங்கிவிட்டார்கள். அவற்றைப் பற்றிய கட்டுரைகளிலும் இதே சொல்லை வைக்கலாம்.

மிச்சம் ஒன்று: மறுபயன்பாட்டுக்குச் சேர்த்துவைத்த படங்களை ஜப்பானியர் ‘பேங்க்’ என்கிறார்கள். ‘வங்கி’ என்றால் கடனும் வட்டியும்தான் நினைவுக்கு வரும். ‘படக்கிடங்கு’ என்று எழுதியிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்களன்று கட்டுரையை ஏற்றிவிடுவேன்.