உதவி தேவை: பிராசசர் மாற்றியபின் திரையே வரவில்லை (பி450 போர்டு, ரைசன் 5 5600)

செம்பனைத் தம்பி, சுங்கை சிப்புட் – வெள்ளி இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். 2019-இல் நானே பூட்டிய கணினி இது. பி450 மதர்போர்டு, ரைசன் 5 2600 பிராசசர், 8 ஜிபி ராம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. நேற்று வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. பகலில் செம்பனை ஆலையில் லோரிகளுக்கு எடை போடுகிறேன், இரவில் கல்யாண வீடியோ எடிட்டிங். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று மூன்று மாதம் காசு சேர்த்து ரைசன் 5 5600-உம் இன்னும் 8 ஜிபி ராம் இரண்டும் வாங்கினேன். இன்று மாலை இரண்டையும் ஒரே மூச்சில் மாட்டிவிட்டேன்.

பட்டனைத் தட்டினால் காத்தாடிகள் சுற்றுகின்றன. திரை கருப்பு. கீபோர்டு விளக்குகூட எரியவில்லை. போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்தான்) என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது, அணையவே இல்லை. ராமைக் கழற்றி மாற்றி மாற்றிப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பவர் சப்ளை பத்தவில்லையோ?

அடுத்த சனிக்கிழமை கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோ இதற்குள்தான் இருக்கிறது. பெண்ணின் அப்பா என் அப்பாவோடு ஒரே தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவரிடம் போய்த் தாமதமாகும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கூலிம் அண்ணன் – இரவு 11.48

தம்பி, பவர் சப்ளையை விட்ருங்க. 2600-உம் 65 வாட், 5600-உம் 65 வாட். பழசுக்குப் பத்துனது புதுசுக்கும் பத்தும்.

மூணு கேள்வி. மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டுலதானே இருக்கு? இந்த ரெண்டு பிராசசருக்குள்ளயும் கிராபிக்ஸ் கிடையாது, போர்டுல சொருகினா கடைசி வரைக்கும் கருப்புதான். சிபியுவுக்குப் போற 8 முள் வயர் மேல் மூலையில இறுக்கமா உட்கார்ந்திருக்கா? போர்டு வாங்கினதுக்கு அப்புறம் பயாஸ், அதாவது கணினியை எழுப்புற போர்டோட சொந்த மென்பொருள், அதை எப்பவாவது புதுப்பிச்சீங்களா?

செம்பனைத் தம்பி – இரவு 11.55

வயர் கார்டில்தான் இருக்கிறது. 8 முள்ளும் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பயாஸைத் தொட்டதே இல்லை அண்ணே. பிராசசர் உட்காரும் சாக்கெட் அதே ஏஎம்4 என்பதால் நேராகப் பொருந்தும் என்று நினைத்தேன்.

கூலிம் அண்ணன் – நள்ளிரவு 12.06

அதான் காரணம். சாக்கெட் ஒண்ணுதான், ஆனா 5600 வந்தது 2022-ல. உங்க போர்டுல இருக்கிறது 2019 பயாஸ். அதுக்கு இந்த பிராசசர் யாருன்னே தெரியாது. பயப்படாதீங்க, எதுவும் எரிஞ்சு போகல.

சில போர்டுல பின்பக்கம் பிளாஷ் பட்டன் இருக்கும், பிராசசரே இல்லாம பென்டிரைவ்லேர்ந்து பயாஸ் ஏத்தலாம். உங்க போர்டுல இருக்கா பாருங்க. இல்லைன்னா பழைய 2600-ஐ மாட்டி, பயாஸ் ஏத்தி, அப்புறம் புதுசைப் போடணும்.

செம்பனைத் தம்பி – நள்ளிரவு 12.30

பட்டன் இல்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கூலரைக் கழற்றி மேலே தூக்கியபோது பழைய பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இப்போது விளக்கு வைத்துப் பார்க்கிறேன், ஒரு மூலையில் இரண்டு முள் சாய்ந்திருக்கிறது. அது போனால் பயாஸ் ஏற்ற வேறு வழியில்லை. கை நடுங்குகிறது.

ஈப்போ கடைக்காரர் – சனி காலை 7.10

தம்பி, பசியாறிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். இராத்திரியில் தொடாதீர்கள்.

ஏஎம்4-இல் இது அடிக்கடி நடப்பதுதான். முட்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்க மூடி கிடையாது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் இறுகிப்போனால் லீவர் பூட்டியிருந்தாலும் பிராசசர் கூலரோடு வந்துவிடும். அடுத்த முறை கழற்றும் முன் கணினியைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, மின்கம்பியை உருவிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி, ஒட்டு விட்டபின் தூக்குங்கள். நேராக மேலே இழுக்கவே கூடாது.

முள் உடையவில்லை, சாய்ந்துதான் இருக்கிறது என்றால் காப்பாற்றலாம். வங்கி அட்டையின் ஓரத்தை முள் வரிசைகளுக்கு நடுவே விட்டு, எந்த முள் வரிசை தப்பியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஈயக்குச்சி எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் நுனியை அந்த முள்ளில் மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். ஒரே தள்ளில் நிமிர்த்தினால் முறிந்துவிடும். சாக்கெட்டில் வைக்கும்போது தங்க முக்கோணக் குறிகள் இரண்டும் ஒரே மூலையில் இருக்க வேண்டும். அது தானாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லையா, அழுத்தாதீர்கள், எடுத்து மறுபடியும் பாருங்கள்.

முதலில் பழைய ராமில் ஒன்றை மட்டும் போடுங்கள், பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது இடத்தில். போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துவிட்டு மாட்டுங்கள், பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

பயாஸ் ஏற்றுவதைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் மாலையானால் இடி மழை. பாதியில் கரண்டு போனால் போர்டு எழுந்திருக்காது.

தைப்பிங் அக்கா – காலை 9.25

தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் இரண்டு வருடப் படங்களை இழந்தேன். புதிய பிராசசர் போட்டதும் கருப்புத் திரையில் ஒரு கேள்வி வரும்: எப்டிபிஎம்மை (பூட்டுச் சாவிகளைக் காக்கும் பகுதி) அழிக்கவா, ஒய் (Y) அழுத்து, வேண்டாமென்றால் என் (N) அழுத்து என்று. நான் படிக்காமல் ஒய் அழுத்தினேன். என் டிஸ்க் பிட்லாக்கரில், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டில், பூட்டியிருந்தது. 48 இலக்க மீட்புச் சாவி என்னிடம் இல்லை. அதோடு எல்லாம் போயிற்று.

பழைய பிராசசரில் கணினி எழுந்ததும் முதல் வேலையாகப் பிட்லாக்கர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சாவியைக் காகிதத்தில் எழுதிவிட்டுப் பூட்டைத் திறந்துவிடுங்கள். கல்யாண வீடியோவை வெளி ஹார்ட்டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

செம்பனைத் தம்பி – சனி மதியம் 1.40

எழுந்துவிட்டது!

முள்ளை நிமிர்த்தவே முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். பிராசசர் தானாக இறங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. 2600-இல் திரை வந்தது. அக்கா சொன்னபடி முதலில் வீடியோவை எடுத்து வைத்தேன். பிட்லாக்கர் பூட்டு இருந்திருக்கிறது, எனக்கே தெரியாது. அதைத் திறந்துவிட்டேன்.

போர்டில் அச்சடித்த ரிவிஷன் எண்ணைப் பார்த்து அதற்குரிய பயாஸை இறக்கி, எப்ஏடி32 முறையில் பார்மட் செய்த பென்டிரைவில் வைத்து ஏற்றினேன். பிறகு கூலரைச் சூடாக இருக்கும்போதே திருகிக் கழற்றினேன், பிராசசர் அசையவில்லை. 5600 போட்டதும் திரை வந்தது, அந்தக் கேள்வியும் வந்தது. இப்போது பூட்டு இல்லையென்பதால் ஒய் அழுத்தினேன், விண்டோஸ் ஒழுங்காக வந்தது.

நான்கு ராமையும் போட்டால் மட்டும் மறுபடி திரை வரவில்லை. பழைய ராமின் வேகம் 2666, புதியது 3200.

கூலிம் அண்ணன் – மதியம் 1.58

நாலையும் போட்டுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா விடுங்க, ராமைப் பழக அதுக்கு நேரம் வேணும். அப்பவும் வரலைன்னா ரெண்டோட எழுப்பி, பயாஸ்ல வேகத்தை 2666-னு கையால வெச்சுட்டு, மத்த ரெண்டையும் போடுங்க.

செம்பனைத் தம்பி – மதியம் 2.35

2666-இல் நான்கும் நிற்கிறது, 32 ஜிபி காட்டுகிறது. தாலி கட்டும் பகுதி இப்போது ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கிறது. வெளியே மழை இருட்டிவிட்டது, ஈப்போ கடைக்காரர் சொன்ன மாதிரியே. மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி.