அனுமதியை மீறி எழும் மாடி: உள்ளாட்சி எந்த அளவுக்குத் தலையிடும்?

கேள்வி – புறநகர்வாசி

சென்னைப் புறநகரில் நகராட்சி ஒன்றின் எல்லைக்குள் எங்கள் வீடு உள்ளது. பக்கத்து மனையில் தரைத்தளமும் முதல் தளமும் கட்டவே அனுமதி பெற்றிருப்பதாக முகப்பிலுள்ள பலகை சொல்கிறது. இப்போது இரண்டாம் தளத்துக்கும் முட்டுக் கொடுத்துக் கம்பி கட்டி முடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காங்கிரீட் போடப்போவதாகக் கொத்தனாரே சொல்கிறார். எங்கள் பக்கம் விட வேண்டிய இடைவெளியில் மாடிப்படி எழும்பியிருக்கிறது; அதன் சன்ஷேடு எங்கள் மதிற்சுவரைத் தாண்டி நிற்கிறது. நகராட்சியில் மனு கொடுத்தால் மேல் அலுவலகத்துக்கு எழுதச் சொல்கிறார்கள். அங்கே கேட்டால், அனுமதி தந்த நகராட்சியையே பார்க்கச் சொல்கிறார்கள். சட்டப்படி யார், எந்தக் கட்டத்தில், என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற நகரமைப்பு ஊழியர்

ஐயா, தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இல் இதற்கு இரண்டு பிரிவுகள் உள்ளன. நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் 57-ஆம் பிரிவிலும், கட்டி முடித்ததை அகற்றச் சொல்லும் அதிகாரம் 56-ஆம் பிரிவிலும் இருக்கின்றன. என் அனுபவத்தில் பயன்தருவது முதலாவதுதான். முட்டு பிரிக்கப்படாத தளத்தை நிறுத்த ஒரு நோட்டீசும் ஒரு நேரடி ஆய்வும் போதும். அதே தளத்தில் டைல்ஸ் பதித்து, குடும்பம் குடியேறி, மின் இணைப்பும் வந்துவிட்ட பிறகு இடிக்க வேண்டுமென்றால் ஆண்டுகள் ஓடிவிடும். விதிமீறிய காங்கிரீட் பெரும்பாலும் விடுமுறை நாளில் போடப்படுவதன் காரணமும் இதுதான்.

ஆகவே மனுவில் ‘விதிமீறல் நடக்கிறது’ என்று பொதுவாக எழுதாதீர்கள். திட்ட அனுமதி எண், அனுமதித்த தளங்கள், இப்போது எழும்பும் தளம், இடைவெளியின் அளவு, காங்கிரீட் போடும் நாள் ஆகியவற்றை எழுதி, 57-ஆம் பிரிவின் கீழ் வேலையை நிறுத்துமாறு நேரடியாகக் கேளுங்கள். இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே மனுவை, ஒன்றின் நகல் மற்றதற்கு அனுப்பப்படுவதாகக் குறிப்பிட்டு, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் போய்ச் சேரும் வரை காத்திராமல் இன்றே நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். ஒப்புதல் வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்கு முப்பது நாள் அவகாசம் இருப்பதால் அதை நம்பி மனுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி 2 – வழக்கறிஞர்

மேலே சொன்னது சரி. அகற்றும் நோட்டீசு வந்ததும் உரிமையாளர் பெரும்பாலும் அதே சட்டத்தின் 80-அ பிரிவின் கீழ் அரசிடம் முறையிடுவார். அது நிலுவையில் இருக்கும்வரை கோப்பு நகராது. நோட்டீசு கொடுத்தாயிற்று என்று அலுவலகம் கைகழுவும் இடமும் இதுவே. மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லையென்றால், அதைச் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்யலாம்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளையும் அறிந்திருப்பது நல்லது. 2024 நவம்பர் 13-ஆம் நாள் தீர்ப்பின்படி, பதினைந்து நாள் முன்னறிவிப்பும் நேரில் விளக்கம் அளிக்கும் வாய்ப்பும் தராமல் எந்தக் கட்டடத்தையும் இடிக்கக் கூடாது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களை ஆக்கிரமித்தவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அடுத்த மாதமே, டிசம்பர் 17-ஆம் நாள், அதிகாரிகளின் தாமதமோ செலவழித்த பணமோ சட்டவிரோதக் கட்டுமானத்தை நியாயப்படுத்தாது என்றும், அனுமதிப்படி கட்டி முடித்ததற்கான நிறைவுச் சான்றிதழைப் பார்த்த பிறகே மின், குடிநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் கூறியது. சிறிய குடியிருப்புகளுக்கு நிறைவுச் சான்றிதழிலிருந்து நம் மாநில விதிகளே விலக்கு அளிப்பதால், உங்கள் விஷயத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடக்கூடும்.

மறுமொழி 3 – நோட்டீசு வாங்கியவர்

மறுபக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு தளம் கூடுதலாக எழும்பியது. நகராட்சி நோட்டீசை வாயிற்கதவில் ஒட்டிவிட்டுப் போனது. ஆனால் எல்லா மீறலும் இடிப்பில் முடிவதில்லை. உயரம் குறைந்த கட்டடங்களுக்குத் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்புக்கு மொத்தத் தளப்பரப்பு எத்தனை மடங்கு என்பதை) 2 வரை அனுமதிப்பதால், கூடுதல் தளம் அந்த அளவுக்குள் அடங்கி, உயரமும் வாகன நிறுத்தமும் சரியாக இருந்தால், திருத்திய வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வழி உண்டு. நாங்கள் அப்படித்தான் தப்பித்தோம். பக்க இடைவெளியை விழுங்கிய குளியலறையை மட்டும் எங்கள் செலவிலேயே இடித்தோம். அதற்கு எந்த வரைபடமும் கைகொடுக்கவில்லை. விதிமீறிய கட்டடங்களை முறைப்படுத்திய பழைய வரன்முறைத் திட்டங்களை நம்பியும் பயனில்லை. அதே 1971 சட்டத்தின் 113-அ பிரிவு 1999-க்கும், 113-இ பிரிவு 2007 ஜூலைக்கும் முற்பட்ட கட்டடங்களுக்காக வந்தவை.

புறநகர்வாசி

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் மாடித் தளத்தைவிட மாடிப்படியையே முதன்மையாக எழுத வேண்டும் என்று புரிகிறது. இடைவெளியை நானே அளந்து எழுதலாமா?

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற நகரமைப்பு ஊழியர்

எழுதலாம். ஆனால் அவர்கள் மனைக்குள் இறங்காதீர்கள். அதையே வைத்து உங்கள்மீது புகார் கொடுப்பார்கள். உங்கள் மொட்டை மாடியிலிருந்து நாடா தெரியும்படி, தேதியுடன் படம் எடுங்கள். மதிற்சுவர் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா என்பதைப் புல வரைபடத்தில் (நில அளவைத் துறையின் எல்லை வரைபடத்தில்) சரிபார்த்த பிறகே சன்ஷேடு விவகாரத்தை மனுவில் சேருங்கள்.